கடைசிப் பட்டறை

பெட்டியின் மேல் விமானம் பறந்துகொண்டிருக்கும். பெட்டியைத் திறந்தால் உள்ளே விமானம் இருக்காது. சாம்பல் நிறத்தில் இரண்டு மூன்று பிளாஸ்டிக் சட்டங்கள், வாழைத்தாரில் காய் ஒட்டியிருப்பதுபோல் அவற்றில் ஒட்டியிருக்கும் துண்டுகள், விமானியின் தலைக்கு மேல் கவிழ்க்க வேண்டிய கண்ணாடிமூடி ஒன்று நகத்தளவில், சின்னங்கள் அச்சிட்ட சிறு தாள், மடித்து வைத்த வழிமுறைத்தாள். அவ்வளவுதான். சக்கரம் எது, வால் எது என்று எண்ணைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வேறு எந்தச் சாமானை இப்படி அரைகுறையாகக் கொடுத்தாலும் கடைக்காரரோடு சண்டைக்குப் போவோம். கிட் என்கிற இந்தச் சாமானை மட்டும் அரைகுறையாக இருப்பதற்காகவே காசு கொடுத்து வாங்குகிறோம்.

என் மேசையில் இருப்பது ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் ஸ்பிட்ஃபயர், முதல் மார்க். அளவு 72-ல் ஒரு பங்கு. துண்டுகள் முப்பத்துச் சொச்சம். பெட்டியின் ஓரத்தில் இங்கிலாந்து முகவரி. பக்கத்திலேயே பொடி எழுத்தில், இந்தியாவில் தயாரானது என்று ஒரு வரி. இங்கே வார்த்த பிளாஸ்டிக்கில் இங்கிலாந்தின் விமானம். கொஞ்சம் சுற்றுவழியாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

மேசையை எட்டிப்பார்த்த தங்கை மகள் கேட்டாள்: "இது பறக்குமா மாமா?"

"பறக்காதும்மா."

"அப்புறம் எதுக்கு?"

நியாயமான கேள்வி. 1936-ல் இங்கிலாந்தில் ஒரு கம்பெனி பெயர் வைத்தே இதற்குப் பதில் சொல்லிவிட்டது. ஃப்ராக் என்பது அவர்களுடைய பறக்கும் பொம்மை விமானங்களின் பெயர். தரையிலிருந்து நேரே எழும்பிப் பறக்கும் என்று பொருள்படும் ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்தது. ரப்பர் நாடாவை முறுக்கிவிட்டால் பறக்கும். பிறகு, பறக்காமல் அலமாரியில் நிற்பதற்கென்றே ஒரு வரிசையைக் கொண்டுவந்தார்கள். அதற்கு வைத்த பெயர் பென்குயின். இறக்கை உண்டு, பறக்காது. பிளாஸ்டிக்கில் வந்த விமான கிட்டுகளில் முன்னோடி அதுதான். அப்போது கிடைத்த பிளாஸ்டிக் செல்லுலோஸ் அசிடேட். வெயில் பட்ட அப்பளம்போல் நாளாக நாளாக முறுக்கிக்கொள்ளும் குணம் அதற்கு. இன்று எஞ்சியிருக்கும் பென்குயின்கள் பலவற்றின் இறக்கை நேராக இல்லை.

72 என்ற எண் அதற்கும் நான்கு வருஷம் மூத்தது. 1932-ல் ஜேம்ஸ் ஹே ஸ்டீவன்ஸ் என்பவர் ஸ்கைபேர்ட்ஸ் என்ற பெயரில் மர கிட்டுகளை வடிவமைத்தார். அவர் எடுத்துக்கொண்டது அடி, அங்குலக் கணக்கு. உண்மையில் ஆறடி என்றால் மாதிரியில் ஒரு அங்குலம். ஆறடியில் எழுபத்திரண்டு அங்குலம் இருக்கிறதல்லவா, அந்த எழுபத்திரண்டு. ஆறடி உயர விமானி ஒரு அங்குலம் நிற்பார். கட்டுகிறவர் மனசுக்குள்ளேயே பெருக்கிக்கொள்ளலாம். பிற்பாடு உலகம் மீட்டருக்கு மாறிவிட்டது. 72 மட்டும் மாறவில்லை. மீட்டரிலேயே பிறந்து வளர்ந்த ஜப்பான்காரர்களும் இன்றைக்கு 72-ல் வார்க்கிறார்கள். ஸ்பிட்ஃபயரின் இறக்கை நுனிக்கு நுனி 11.23 மீட்டர். அதை 72-ஆல் வகுத்தால் 15.6 சென்டிமீட்டர், ஒரு சாணுக்கும் குறைவு.

இரண்டாம் உலகப்போர் வந்ததும் இந்த விளையாட்டுச் சாமானுக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்தது. வானத்தில் புள்ளியாகத் தெரிவது நம்முடையதா, எதிரியுடையதா? பீரங்கியருகே நிற்பவர் சில நொடிகளில் சொல்லியாக வேண்டும். அந்தத் தூரத்தில் நிறம் தெரியாது, எழுத்தும் தெரியாது. வெளிச்சமான வானத்தில் கறுப்பாக ஓர் உருவம் மட்டும் தெரியும். முட்டைபோல் வளைந்து நுனியில் குவியும் இறக்கை என்றால் ஸ்பிட்ஃபயர். நுனியைக் கத்தரித்துவிட்டாற்போல் இருந்தால் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109. தப்பாகச் சொன்னால் நம்முடைய ஆளையே சுட்டுவிடுவோம்.

1942 தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை தன் நாட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் ஐந்து லட்சம் மர மாதிரிகளைக் கேட்டது. ஐம்பது வகை விமானம், வகைக்குப் பத்தாயிரம். அளவு 72-ல் ஒன்று. எல்லாவற்றுக்கும் கறுப்புச் சாயம். கணக்கு எளிது. 72 அளவு மாதிரியைப் பத்து மீட்டர் தள்ளித் தொங்கவிட்டுப் பார்த்தால், உண்மை விமானத்தை 720 மீட்டருக்கு அப்பால் பார்ப்பதற்குச் சமம். ஒரு வகுப்பறைக்குள் முக்கால் கிலோமீட்டர் வானம் அடங்கிவிடும். பிள்ளைகள் கத்தியும் உப்புத்தாளுமாக உட்கார்ந்து செதுக்கினார்கள். வரைபடத்தோடு ஒத்துப்போகாதவற்றைக் கழித்துவிட்டு மற்றவை பயிற்சி முகாம்களுக்குப் போயின. பின்னால் இந்த வேலையையும் பிளாஸ்டிக் எடுத்துக்கொண்டது.

போர் முடிந்தது. உருவத்தைப் பார்த்தே விமானத்தின் பெயரைச் சொல்லத் தெரிந்த ஒரு தலைமுறை ஊர் திரும்பியது. அதற்கு அடுத்த தலைமுறைக்கு அப்பாவின் போர்க்கதைகள் இருந்தன, கையில் இரண்டு ஷில்லிங் இருந்தது. அந்த இரண்டு ஷில்லிங்கைத்தான் ஏர்ஃபிக்ஸ் குறிவைத்தது.

ஏர்ஃபிக்ஸைத் தொடங்கியவர் நிக்கோலஸ் கோவ். ஹங்கேரியில் பிறந்த யூதர். அகதியாக லண்டன் வந்து 1939-ல் கம்பெனி ஆரம்பித்தார். முதலில் செய்தது காற்றடைத்த ரப்பர் பொம்மை. பெயரில் காற்று வந்தது அப்படித்தான். பெயர்ப் பட்டியல்களில் முன்னால் வர வேண்டும் என்று ஆங்கிலத்தின் முதல் எழுத்தில் தொடங்கும்படி வைத்தார் என்பார்கள். விமானத்துக்கும் அந்தப் பெயருக்கும் அப்போது சம்பந்தமே கிடையாது. போருக்குப் பிறகு உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் பாய்ச்சும் இயந்திரத்தை வாங்கிப்போட்டு, சீப்பு செய்து தள்ளினார். தலை வாருகிற சீப்புதான். 1940களின் கடைசியில் ஃபெர்குசன் டிராக்டர் கம்பெனிக்காக, அதன் விற்பனை ஆட்கள் கையில் கொண்டுபோய்க் காட்ட ஒரு குட்டி டிராக்டர் செய்யச் சொன்னார்கள். செய்தார். பூட்டிச் சேர்ப்பதற்குள் ஆட்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பிறகு கடைக்கு வந்தபோது, துண்டுகளாகவே விற்றுவிட்டால் என்ன, வாங்குகிறவர் சேர்த்துக்கொள்ளட்டுமே என்ற யோசனை பிறந்தது.

தொழிற்சாலையில் கூலி கொடுத்துச் செய்ய வேண்டிய கடைசி வேலையை வாங்குகிறவர் தலையில் கட்டுவது, அதற்கும் அவரிடமே காசு வாங்குவது. கேட்டால் ஏமாற்று வேலைபோலத் தோன்றும். அந்தக் கடைசி வேலையைத்தான் ஜனங்கள் விரும்பினார்கள். 1952-ல் உல்வொர்த் கடைகளுக்காக கோல்டன் ஹைண்ட் என்ற பாய்மரக்கப்பல் கிட் வந்தது. விலை இரண்டு ஷில்லிங். அட்டைப்பெட்டி போட்டால் கட்டுப்படியாகாது. பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை மடித்து, வழிமுறைத்தாளையே தலைப்புத்தாளாக மேலே குத்திவிட்டார்கள். அதே பையில், அதே விலையில் அடுத்து வந்தது ஸ்பிட்ஃபயர். கம்பெனி சொல்லும் கணக்கில் 1953.

அந்த முதல் ஸ்பிட்ஃபயர் பார்க்கச் சகிக்காது. ஆர். ஜே. மிட்செல் வரைந்து, 1936 மார்ச் 5 அன்று முதன்முதலாகப் பறந்த அந்த மெல்லிய உடல் அதில் இல்லை. உருவம் ஏதோ ஸ்பிட்ஃபயர் ஜாடை, அவ்வளவே. பக்கவாட்டில் ஒட்ட பி.டி.கே. என்று மூன்று எழுத்து. அந்த கிட்டின் வயசில் பையனாக இருந்தவர்கள் இன்று தாத்தாக்கள். அவர்களிடம் பி.டி.கே. என்று சொல்லிப்பாருங்கள், முகம் மலரும். 1960-ல் ஏர்ஃபிக்ஸே வேறு அச்சு வெட்டி அதை ஓய்வுக்கு அனுப்பியது. பிறகும் அவ்வப்போது புது அச்சு. உண்மையான ஸ்பிட்ஃபயர்கள் இருபதாயிரத்துக்குச் சற்று மேல் செய்யப்பட்டன. பிளாஸ்டிக் ஸ்பிட்ஃபயர்கள் அந்த எண்ணிக்கையை எப்போதோ தாண்டிவிட்டன.

இந்த கிட்டுக்குத் தாய் அதன் அச்சு. எஃகுக் கட்டி இரண்டு, எதிரெதிராக. இரண்டையும் சேர்த்து மூடினால் நடுவே விமானத்துண்டுகளின் வடிவத்தில் வெற்றிடம். பாலிஸ்டைரீன் குருணையை இருநூறு டிகிரிக்கு மேல் காய்ச்சி, பாகாக்கி, அழுத்தத்தோடு அந்த வெற்றிடத்துக்குள் பாய்ச்சுவார்கள். பாகு போன பாதைதான் நாம் கையில் பிடிக்கிற சட்டம். அது சென்று நிறைந்த இடங்கள்தான் துண்டுகள். சில நொடிகளில் ஆறி இறுகும். அச்சு திறக்கும். உள்ளிருந்து ஊசிகள் எழும்பித் தள்ளிவிடும். ஒவ்வொரு துண்டின் உள்பக்கத்திலும் வட்டமாக ஒரு சின்னத் தழும்பு இருக்கும், ஊசி தள்ளிய இடம் அது. தொப்புள் என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன்.

தாய்க்கு வயதாகும். ஆயிரக்கணக்கான முறை அழுத்தம் தாங்கிய அச்சின் விளிம்பு தேயும். இரண்டு கட்டிகளுக்கும் நடுவே பாகு கசிந்து, துண்டின் ஓரத்தில் தோசை ஓரத்து முறுகல்போல் மெல்லிய தகடு நீட்டிக்கொண்டிருக்கும். ஃபிளாஷ் என்பார்கள். பழைய அச்சில் வார்த்த கிட்டைத் திறந்தால் அதைச் சீவித் தள்ளுவதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். கனமான இடங்களில் வேறு வியாதி. உள்ளே ஆறும்போது பிளாஸ்டிக் சுருங்கி மேலே குழி விழும்.

அந்தக் காலத்து அச்சுகளில் விமானத்தின் உடம்பெல்லாம் ஆணித்தலைகள் புடைத்திருக்கும், வேர்க்குருபோல. பையன்களுக்கு அது ஆசை. கணக்குப் போட்டால் சிரிப்பு வரும். 0.2 மில்லிமீட்டர் புடைப்பை 72-ஆல் பெருக்கினால் 14 மில்லிமீட்டர். அத்தனை பெரிய மேடு உடம்பெல்லாம் இருந்தால் அந்த விமானம் ஓடுபாதையைத் தாண்டியிருக்காது. தகடுகள் சேரும் இடத்தை இப்போது புடைப்பாக இல்லாமல் கோடாகக் கீறுகிறார்கள். உண்மை விமானத்தையே லேசரால் அளந்து, கணினியில் வரைந்து, மின்பொறியால் எஃகைக் குடைகிறார்கள். அப்படியும் 0.2 மில்லிமீட்டர் கோடு என்றால் அதே 14 மில்லிமீட்டர் பள்ளம், சுண்டுவிரல் நுழையும். ஆழம் அதிகம், வாய்க்கால் வெட்டியிருக்கிறான் என்று கட்டுகிறவர்கள் குறைப்படுவது இதைப் பற்றித்தான். எந்த விமானத்தைச் சுருக்கினாலும் எஃகும் பிளாஸ்டிக்கும் நம் கண்ணும் சுருங்க மறுக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில் துல்லியத்துக்கு வேலையில்லை, அங்கே பொய் சொல்லத் தெரிய வேண்டும்.

அச்சு இருக்கும் வரை கிட்டுக்குச் சாவில்லை. கம்பெனிகள் சாகும். லண்டனின் வாண்ட்ஸ்வொர்த்தில் ஓஹோ என்று நடந்த ஏர்ஃபிக்ஸ் 1981-ல் திவாலானது. காலை உணவுத் தானியம் விற்கும் ஜெனரல் மில்ஸ் என்ற அமெரிக்க கம்பெனி வாங்கியது. டன் கணக்கில் எஃகு அச்சுகள் கடல் தாண்டி பிரான்சின் கலே நகருக்குப் போயின. 1986-ல் ஹம்ப்ரால் வாங்கியது. 1919-ல் ஹல் நகரில் ஹம்பர் ஆயில் கம்பெனி என்று எண்ணெய் விற்கத் தொடங்கி, பிறகு குட்டி டப்பாக்களில் பெயின்ட் விற்றுப் பெயர் வாங்கிய கம்பெனி அது. விமானமும் அதற்கான பெயின்ட்டும் ஒரே கூரைக்குக் கீழ் வந்தன. 2006-ல் ஹம்ப்ராலும் கவிழ்ந்தது. பொம்மை ரயிலுக்குப் பேர்போன ஹார்ன்பி அதே வருஷ நவம்பரில் இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. புதிய அச்சுகள் வெட்டப்பட்டன, வார்ப்பு வேலையில் பெரும்பங்கு இந்தியாவுக்கு வந்தது. என் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் பொடி எழுத்து வரி அப்படி வந்ததுதான். ஒரு காலத்தில் இந்தியாவை ஆண்ட நாட்டின் பெருமைச் சின்னத்தை இப்போது இந்தியாவின் இயந்திரம் வார்த்துத் துப்புகிறது. வார்ப்பவருக்கு அது இன்னொரு சட்டம், ஆறியதும் அடுத்தது.

சென்னைக்கும் இந்த விமானத்துக்கும் இதைவிடப் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1940-ல் பிரிட்டன் தன் ஆட்சிக்குட்பட்ட ஊர்களிலெல்லாம் விமானநிதி திரட்டியது. ஐயாயிரம் பவுண்டு கொடுத்தால் ஒரு ஸ்பிட்ஃபயருக்கு உங்கள் ஊர்ப் பெயரை வைப்போம் என்பது ஏற்பாடு. சென்னை மாகாணத்தில் மெட்ராஸ் மெயில் பத்திரிகை இதற்காக நிதி திரட்டியது. மனமுவந்து கொடுத்தவர்களும் இருந்திருப்பார்கள், கலெக்டர் முகத்துக்கு அஞ்சிக் கொடுத்தவர்களும் இருந்திருப்பார்கள். பிரிட்டிஷ் விமானப்படையின் 79, 234, 264 ஆகிய மூன்று அணிகளின் பெயரோடு மெட்ராஸ் பிரசிடென்சி என்பது சேர்ந்துகொண்டது. மூன்றில் 1940 கோடையில் ஸ்பிட்ஃபயர் ஓட்டிக்கொண்டிருந்தது 234. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் செயின்ட் ஈவல் தளத்திலிருந்தும், பிறகு மிடில் வாலப் தளத்திலிருந்தும் கிளம்பியது. அதன் அடையாள எழுத்துகள் ஏ, இசட். நம் மாகாணத்தின் பெயரைச் சுமந்த அணியை இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? கட்டுவது என்று முடிவானபின் நான் தேர்ந்தெடுத்தது அந்த எழுத்துகளைத்தான். கிட்டோடு வந்த தாளில் அவை இல்லை. வேறு தாளிலிருந்து எழுத்தெழுத்தாக வெட்டிச் சேர்க்க வேண்டியிருந்தது.

இனி வேலை என் மேசையில். சட்டத்திலிருந்து துண்டைப் பிய்க்கக் கூடாது, வெட்ட வேண்டும். பிய்த்தால் சதையோடு வரும். வெட்டிய தழும்பை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். 400 நம்பர், பிறகு 800, பிறகு தண்ணீர் தொட்டு 1200. முதலில் விமானி உட்காரும் கூண்டு. இருக்கை, கைப்பிடி, கடிகாரப் பலகை எல்லாம் சேர்ந்து பெருவிரல் நகத்துக்குள் அடங்கும். அதற்குப் பச்சை அடித்து, கடிகாரங்களுக்கு ஊசிமுனையால் வெள்ளைப் புள்ளி வைத்தேன். இரண்டு மாலை. அப்புறம் உடம்பின் இடப்பாதியும் வலப்பாதியும் அதை மூடிக்கொண்டன. இனி டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். யாரும் டார்ச் அடித்துப் பார்க்கப் போவதில்லை. இது தெரிந்தேதான் எல்லோரும் அந்த இரண்டு மாலையைச் செலவழிக்கிறார்கள்.

ஒட்டுகிற சிமென்ட் என்பது பசையே அல்ல. பிளாஸ்டிக்கைக் கரைக்கும் திரவம். இரண்டு விளிம்பையும் சேர்த்துப் பிடித்து, இடுக்கில் தூரிகை நுனியால் ஒரு சொட்டு தொட்டால் போதும், தானே ஓடிப் பரவும். விளிம்புகள் கரைந்து ஒன்றோடொன்று கலந்து, திரவம் ஆவியானதும் ஒரே பிளாஸ்டிக்காகிவிடும். மெல்ல அழுத்தினால் சேர்ந்த கோட்டில் கரைந்த பிளாஸ்டிக் மணிபோல் பிதுங்கும். காய்ந்தபின் அதைத் தேய்த்துவிட்டால் கோடு போன இடம் தெரியாது. தெரிகிற இடத்துக்குப் பட்டி. வீட்டுச் சுவருக்குப் பெயின்டர் பட்டி பார்க்கிறாரே, அதே வேலைதான், ஈர்க்குச்சி அளவில். விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிறவர்கள் முன்பாதியையும் பின்பாதியையும் அச்சில் அழுத்தி எடுத்து, சேர்த்து, சேர்ந்த தடத்தை மண் பூசி மறைப்பார்கள். அவர்களைப் பார்த்திருந்ததால் இந்த வேலை எனக்குப் புதிதாகத் தெரியவில்லை.

இறக்கையில்தான் ஸ்பிட்ஃபயர் ஸ்பிட்ஃபயராவது. அடித்தகடு ஒரே துண்டு, மேல்தகடு இரண்டு. ஒட்டும்போது இரண்டு நுனியும் ஒரே அளவு மேல்நோக்கி நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்தாலும் உண்மையில் ஏழு சென்டிமீட்டர் தாழ்ந்த மாதிரி. நாடா போட்டு இழுத்துக் கட்டி, இரு நுனிக்கும் அடியில் தீப்பெட்டி வைத்து ராத்திரி முழுக்க விட்டேன். மறுநாள் காலை கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கி, எதிரேயிருந்து பார்த்தேன். பீரங்கிக்காரர் பார்த்த பார்வை அதுதான். சரியாக இருந்தது.

அடுத்து நிறம். இந்தப் பொழுதுபோக்கில் நட்பு முறிவதென்றால் இங்கேதான் முறியும். மேல்பக்கம் மண்பழுப்பும் கரும்பச்சையும். ஹம்ப்ரால் டப்பா எண்ணில் 29-ம் 30-ம். அதில் தகராறு இல்லை. தகராறு அடிப்பக்கத்தில். 1940 ஜூன் வரை ஸ்பிட்ஃபயர்களின் அடியில் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. பிறகு ஸ்கை என்ற நிறத்துக்கு மாறச் சொல்லி உத்தரவு வந்தது. பெயர் வானம், ஆனால் நீலம் கிடையாது. வாத்துமுட்டை ஓட்டின் வெளிர்பச்சை. உத்தரவு வந்த வேகத்துக்குப் பெயின்ட் வரவில்லை. கையில் இருந்ததைக் கலந்து தளத்துக்குத் தளம் ஒரு நிறம் அடித்தார்கள், நீலமாகக்கூட. அப்போதைய புகைப்படங்கள் கறுப்பு வெள்ளை. எது சரியான ஸ்கை என்று எண்பது வருஷமாகச் சண்டை போடுகிறோம். அன்று தூரிகை பிடித்த சிப்பாய் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்.

டப்பாவில் இருக்கும் நிறத்தை அப்படியே அடித்தாலும் தப்பு என்பது இன்னொரு கட்சி. தூரத்தில் இருப்பது காற்றின் மங்கலில் வெளிறித் தெரியும். மாதிரியை அரை மீட்டரில் பார்க்கிறோம், அதாவது உண்மை விமானத்தை 36 மீட்டரில் பார்க்கிறோம். அதனால் எல்லா நிறத்திலும் சொட்டு வெள்ளை கலக்க வேண்டும் என்பார்கள். நான் கலந்தேன். ஏர்பிரஷ் இல்லை, தூரிகைதான். மெல்லியதாக மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள். சென்னையில் ஐப்பசி மாதத்தில் எனாமல் பெயின்ட் காய்வதற்குள் பொறுமை காய்ந்துவிடும். மின்விசிறி போட்டால் தூசி ஒட்டும், போடாவிட்டால் நெற்றி வியர்வை விமானத்தின் மேல் சொட்டும். நான் விசிறியை நிறுத்திவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

கடைசியில் டெகால் என்னும் சின்னங்கள். சொரசொரப்பான மேட் பெயின்ட் மேல் நேராக ஒட்டினால் அடியில் காற்று சிக்கி, ஓரமெல்லாம் வெள்ளி பூத்தாற்போல் மினுங்கும். அதனால் முதலில் பளபளப்பான வார்னிஷ் ஒரு பூச்சு. பிறகு சின்னத்தை வெட்டிக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு முப்பது எண்ணினேன். தாளிலிருந்து கழன்று மிதக்கத் தொடங்கியதும் இடுக்கியால் எடுத்து, இடத்தில் வைத்து, தூரிகை நுனியால் நகர்த்தினேன். மூச்சு விட்டால் நகர்ந்துவிடும். மென்மையாக்கும் திரவம் ஒரு சொட்டு விட்டதும் சின்னம் சுருங்கிச் சுருக்கம் விழுந்தது. கெட்டது என்று தோன்றும் அந்த நேரத்தில் தொடக் கூடாது. கால் மணி நேரத்தில் அது தானே படிந்து, கீறிய கோடுகளுக்குள்ளும் இறங்கி, அடித்த பெயின்ட்போலவே ஆகிவிடும். பொம்மைக்குக் கண் திறக்கிற மாதிரிதான் இது. ஏ, இசட் எழுத்துகளும் சிவப்பு, வெள்ளை, நீல வட்டமும் ஏறியதும் சாம்பல் பிளாஸ்டிக் மறந்துபோயிற்று.

பிறகு கண்ணாடிமூடி. அவசரம். அன்றைக்கே முடித்துவிட வேண்டும் என்ற நினைப்பு. சிமென்ட் பட்ட கட்டைவிரலைத் துடைக்காமல் மூடியை எடுத்து வைத்துவிட்டேன். விரலை எடுத்தபோது கண்ணாடியின் இடப்பக்கத்தில் என் ரேகை, வளைவு வளைவாக, தெளிவாக. சிமென்ட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும் என்று மேலே எழுதினேனே, அது ரேகையையும் அச்செடுக்கும். பற்பசை போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். மங்கியதே தவிரப் போகவில்லை. 72-ஆல் பெருக்கினால் ஒரு மீட்டருக்கு மேல் அகலமான கட்டைவிரல் விமானியின் முகத்துக்கு நேரே பதிந்திருக்கிறது.

வேறு மூடி வாங்கி மாற்றலாம். மாற்றவில்லை. இதே அச்சிலிருந்து இதே சட்டங்கள் ஆயிரக்கணக்கில் வந்து, இதே பெட்டிகளில் எங்கெங்கோ போயிருக்கும். பாதி இன்னும் திறக்கப்படாமல் பரணில் இருக்கும். கிட் கட்டுகிறவர்கள் கூட்டத்தில் ஆயுசுக்குள் கட்டி முடிக்க முடியாத அளவுக்குப் பெட்டி சேர்க்காத ஆள் குறைவு. விற்கப்போனால் திறக்காத பெட்டிக்குத்தான் விலை. கட்டி முடித்ததற்குப் பெரும்பாலும் போட்ட காசுகூடத் திரும்பாது. செய்து முடித்ததும் மதிப்பு குறைகிற சாமான் வேறு என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்க்கிறேன், சமையல் ஞாபகம் வருகிறது.

விமானம் இப்போது புத்தக அலமாரியில், வால் சுவரைப் பார்த்து நிற்கிறது. வெயில் படாத தட்டு. வெயில் பட்டால் நிறம் வெளிறும். தங்கை மகள் வந்தால் முதலில் அதைத்தான் எடுக்கிறாள். கண்ணாடியில் இருக்கும் ரேகையோடு தன் கட்டைவிரலை வைத்து அளந்து பார்த்துவிட்டு, "உங்க விரல் பெரிசு மாமா" என்று திரும்ப வைக்கிறாள். எதுக்கு என்று இப்போது கேட்பதில்லை. சனிக்கிழமைகளில் பழைய பெயின்ட் தூரிகையால் தூசி தட்டுகிறேன். முதுகில் இருக்கும் ஆன்டெனாக் கம்பம் இரண்டு தடவை ஒடிந்து, இரண்டு தடவையும் ஒட்டியாயிற்று. இரண்டாவது தடவை ஒடித்தது அவள். ஒட்டியதும் அவள்தான்.